நாலரை மணி பேட்ச்

நீச்சலுக்கு முன்னால் நான் ஆரி வகுப்புக்குத்தான் போனேன். மகள் கல்யாணமாகிக் கோயம்புத்தூர் போன வருஷம் அது. கார்களுக்குள்ளே ஓடும் வயர்க் கட்டுகளைச் செய்கிற கம்பெனியில் எனக்கு வேலை, முதல் ஷிப்ட். காலை ஐந்தேகாலுக்குக் கம்பெனி பஸ் ஏறினால் மதியம் இரண்டரைக்கு வீடு திரும்பிவிடுவேன். கணவர் வர ஆறு மணி ஆகும். மகளின் படிப்பு, டியூஷன், துணிமணி என்று ஓடிய நேரமெல்லாம் திடீரென்று காலியாகக் கிடந்தது. டிவி போட்டால் தூக்கம் வந்தது. தூங்கி எழுந்தால் எரிச்சல் வந்தது. கீழ்வீட்டுப் பெண்தான், "அக்கா, சும்மா இருக்கிற நேரத்துல பிளவுஸ் வேலை கத்துக்கலாம், வாங்க" என்று கூட்டிக்கொண்டு போனாள்.

மூன்று வாரம் போனேன். இறுகக் கட்டிய துணியின் முன்னால் குனிந்து உட்கார்ந்து, கொக்கி ஊசியால் குத்திக் குத்தி நூலை இழுக்க வேண்டும். சொல்லிக்கொடுத்த அம்மா என் தையலைப் பார்த்து, "உங்களுக்குக் கை நல்லா வருது" என்றார். வராமல் என்ன? இருபத்திரண்டு வருஷமாகத் தினம் எட்டு மணி நேரம் வயர் முனையைப் பிடித்துத் துளையில் சொருகிய விரல்கள். நாலாவது வாரம் ஒரு மயிலின் கழுத்துக்கு மணி கோத்துக்கொண்டிருந்தபோது தோன்றியது, விரல்களுக்கு இது இரண்டாவது ஷிப்ட் என்று. உடம்பின் மிச்சப் பகுதியெல்லாம் அங்கேயும் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறது, இங்கேயும் சும்மாதான் உட்கார்ந்திருக்கிறது.

அன்று வகுப்பு முடிந்து படியிறங்கினேன். எதிர்ப்பக்கம் ஒரு பள்ளிக்கூடத்துக் காம்பவுண்டில் புதிதாக பேனர் கட்டியிருந்தார்கள். 'பெண்களுக்கு மட்டும் நீச்சல் பயிற்சி. மாலை நாலரை மணி. பயிற்சியாளர் பெண். வயது வரம்பு இல்லை.' கடைசி வரியை இரண்டு தடவை படித்தேன்.

எனக்கு ஊர் சிவகங்கைப் பக்கம். கண்மாயில் தண்ணீர் கிடக்கிற இரண்டு மூன்று மாதத்தில் அண்ணன் தம்பிகள் எல்லோரும் நீச்சல் பழகிக்கொண்டார்கள். நான் அவர்கள் சட்டையைக் கையில் வைத்துக்கொண்டு கரையில் நின்றிருக்கிறேன். அதில் பெரிய வருத்தம் என்றெல்லாம் இல்லை. யாரும் வா என்று சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. கேட்கலாம் என்பதே தெரியாது. ஐம்பது தாண்டிய பிறகு ஓசூரில் ஒரு பேனர் வா என்றது.

வீட்டில் சொன்னேன். அவர் சாப்பிட்டுக்கொண்டிருந்தார்.

"எதுக்கு?"

"கத்துக்கத்தான்."

"கத்துக்கிட்டு?"

"நீந்துவேன்."

ரசத்தை ஊற்றிப் பிசைந்தார். "குளிருமே" என்றார்.

அதைத்தான் சம்மதம் என்று எடுத்துக்கொண்டேன். ஞாயிற்றுக்கிழமை அவரே பைக்கில் கூட்டிப்போய், விளையாட்டுச் சாமான் கடையில் நின்று, "லேடீஸ் டிரஸ்ஸு... நீச்சலுக்கு... முழுசா மூடுற மாதிரி" என்று எங்கோ பார்த்துக்கொண்டு கேட்டார். கடைக்காரர் அலட்டிக்கொள்ளவே இல்லை. மணிக்கட்டு வரை கை, கணுக்கால் வரை கால் உள்ள கறுப்பு உடுப்பு ஒன்றை எடுத்துப் போட்டார். வீட்டில் கதவைத் தாழிட்டுப் போட்டுப் பார்த்தேன். கண்ணாடியில் வேறு யாரோ ஒருத்தி நின்றாள். சிரித்துவிட்டேன்.

முதல் நாள் வகுப்பு தவறிவிட்டது. ஜூஜுவாடியில் ஒரு லாரி ரோட்டுக்குக் குறுக்கே நின்றுவிட, கம்பெனி பஸ் இரண்டு மணி நேரம் நகரவே இல்லை. அந்த ஒரு நாளைத் தவறவிட்டது எவ்வளவு பெரிய விஷயம் என்று அப்போது தெரியவில்லை.

இரண்டாம் நாள் போனபோது ஆறு பெண்கள் நாலடி ஆழத்தில் வரிசையாகக் கம்பியைப் பிடித்துக்கொண்டு தலையை முக்கி முக்கி எடுத்துக்கொண்டிருந்தார்கள். பயிற்சியாளருக்கு முப்பதுகூட இருக்காது. அத்திப்பள்ளிப் பக்கத்துப் பெண், தினமும் ஸ்கூட்டரில் கர்நாடக எல்லை தாண்டி வருகிறவள். எங்கள் பழக்கப்படி நான் மேடம் என்றேன், அவள் என்னை ஆண்ட்டி என்றாள். தமிழ் பேசுவாள். அவசரம் வந்தால் பாதிக்கு மேல் கன்னடம் ஆகிவிடும்.

தண்ணீரில் கால் வைத்ததும் பற்கள் தந்தியடித்தன. ஓசூர்க் குளிர் தரையில் நின்றாலே குளிர். எனக்குப் பக்கத்தில் நின்றிருந்தவர், "மொத்தமா முங்கிடு தங்கச்சி, அப்புறம் தெரியாது" என்றார். பேரிகைக்குப் பக்கத்தில் தக்காளியும் குடைமிளகாயும் போடுகிற விவசாயக் குடும்பத்துப் பெண்மணி. அறுபதை நெருங்கியிருப்பார். வீட்டில் தெலுங்கு, சந்தையில் கன்னடம், பஸ்ஸில் தமிழ் என்று எந்தப் பாஷையிலும் தடங்கலில்லாமல் பேசுவார். அவரை முதல் நாளிலிருந்தே அக்கா என்றுதான் கூப்பிட்டேன்.

"நீங்க எதுக்கு வர்றீங்கக்கா?" என்று கேட்டேன்.

"தோட்டத்துல குட்டை வெட்டிப் பிளாஸ்டிக் ஷீட்டு போட்டிருக்கோம். வழுக்கினா ஏற முடியாது. போன மாசம் கன்னுக்குட்டி உள்ள போயிடுச்சு. அது கத்துது, நான் கரையில நின்னு கத்துறேன். ஆம்பளைங்க வந்துதான் தூக்கினாங்க. நாளைக்குப் பேரப்பிள்ளைங்க விழுந்தா? அதான் பஸ் ஏறி வந்துட்டேன்."

அவருக்கு ஒரு காரணம் இருந்தது. எனக்கு அப்படி எதுவும் இல்லை என்பது கொஞ்சம் கூச்சமாகக்கூட இருந்தது.

மேடம் வந்து என் தலையைத் தொட்டுத் தண்ணீருக்குள் அமுக்கச் சொன்னாள். "உசிரு பிடி ஆண்ட்டி, உசிரு பிடி!"

சரி என்று மூச்சை இழுத்துப் பிடித்துக்கொண்டு தலையை முக்கினேன். நெஞ்சு வெடிக்கும்வரை பிடித்தேன். மேலே வந்து இருமினேன். மறுபடியும், "உசிரு பிடி!" மறுபடியும் பிடித்தேன். தண்ணீருக்குள் கண்ணைத் திறந்து பார்த்தால் மற்ற பெண்கள் முகத்திலிருந்து குமிழிகள் வரிசையாக மேலே போய்க்கொண்டிருந்தன. பாவம், இவர்களால் மூச்சைப் பிடிக்க முடியவில்லை, எல்லாம் வெளியே போகிறது என்று நினைத்துக்கொண்டேன்.

ஆனால் ஒரு வாரத்தில் அவர்கள் எல்லோரும் மிதக்கும் பலகையைப் பிடித்துக்கொண்டு காலை உதைத்துப் போக ஆரம்பித்துவிட்டார்கள். நான் இன்னும் கம்பியிலேயே நின்றேன். பலகையைக் கொடுத்தால் நாலு உதை உதைப்பதற்குள் மூச்சு முட்டி எழுந்து நின்றுவிடுவேன். மேடம் ஓரமாக நடந்துகொண்டே கத்துவாள். அவள் கத்தக் கத்த நான் இன்னும் இறுக்கிப் பிடிப்பேன். கம்பெனியில் என் லைனில் என்னைவிட வேகமாகக் கை ஓடுகிறவர்கள் இல்லை. புதிதாக வருகிற பெண்களை என்னிடம்தான் விடுவார்கள். அங்கே அப்படி, இங்கே கடைசி. உடுப்பைப் பிழியும்போது, போதும், நாளையிலிருந்து வர வேண்டாம் என்று தினமும் முடிவு செய்வேன். மறுநாள் நாலு மணிக்கு எப்படியோ பையைத் தூக்கிக்கொண்டு கிளம்பியிருப்பேன். ஏன் என்று இப்போதும் சொல்லத் தெரியவில்லை. காது வரைக்கும் தண்ணீர் ஏறும்போது சத்தமெல்லாம் அடங்கிவிடும். மிஷின் சத்தத்திலேயே இருக்கிறவளுக்கு அது பிடித்திருந்தது போல.

ஒன்பதாவது நாளோ பத்தாவது நாளோ, நான் மேலே வந்து இருமி முடித்ததும் அக்கா என் தோளைப் பிடித்து நிறுத்தினார்.

"ஏன் தங்கச்சி, ஒரு குமிழிகூட விடமாட்டேங்கிற?"

"மேடம் மூச்சைப் பிடிக்கத்தானே சொல்றாங்க?"

"எப்பச் சொன்னா?"

"இப்பக்கூடச் சொன்னாங்களே. உசிரு பிடி, உசிரு பிடின்னு."

அக்கா என்னையே பார்த்தார். பிறகு வாயைப் பொத்திக்கொண்டார். பொத்த முடியவில்லை. கம்பியில் சாய்ந்துகொண்டு சிரித்தார், தண்ணீரெல்லாம் குலுங்கியது. "ஐயோ தேவுடா! கன்னடத்துல பிடின்னா விடுன்னு அர்த்தம். மூச்சை விடுன்னு சொல்லுது அந்தப் பொண்ணு. பிடிக்கிறதுக்கு ஹிடிம்பாங்க. பத்து நாளா விடு விடுங்குது, நீ பிடிச்சுக்கிட்டே நிக்கிற!"

மேடம் ஓடி வந்தாள். விஷயம் புரிந்ததும் முதலில் அவள் முகம் அப்படியே வாடிப்போனது. "ஆண்ட்டி, சாரி ஆண்ட்டி, எனக்குத் தோணவே இல்ல" என்றாள். முதல் நாள் எல்லோருக்கும் வாயால் ஊதிக் குமிழி விட்டுக் காட்டியிருக்கிறாள். நான்தான் அன்றைக்கு ஜூஜுவாடியில் நின்றுகொண்டிருந்தேனே. பிறகு அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது. எட்டுப் பேரும் சிரித்து முடிக்கப் பத்து நிமிஷம் ஆயிற்று.

அப்புறம் நான் மூச்சை இழுத்து, முகத்தை முக்கி, மெதுவாக விட்டேன். குமிழிகள் கன்னத்தில் உரசிக்கொண்டு மேலே போயின. நெஞ்சு இளகியது. காலை உதைத்தேன், பலகை நகர்ந்தது. மேலே வந்து மூச்செடுத்தேன், மறுபடி விட்டேன். நின்று திரும்பிப் பார்த்தபோது கம்பி பத்தடி பின்னால் இருந்தது.

வீட்டுக்கு வந்து அவரிடம் சொன்னேன். பாதி சொல்லும்போதே அவர் குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார். அவர் அப்படிச் சிரித்துப் பார்த்து ரொம்ப நாளாகியிருந்தது.

எனக்கு மறுநாள் கம்பெனியில்தான் அந்தச் சிரிப்பு அடங்கியது. என் லைனில் ஒடிசாவிலிருந்து வந்த ஒரு பெண் ஒரு மாதமாக இருந்தாள். வேலைப் பலகையில் அடித்திருக்கும் ஊசிகளைச் சுற்றி வயர்களைக் கொண்டுபோய், கிளிப்பில் இறுக்க வேண்டும். அவள் ஒவ்வொரு தடவையும் இறுக்கும் இடத்தில் தளர்த்துவாள். "டைட்டாப் பிடின்னு எத்தனை தடவை சொல்றது?" என்று நான் தினமும் கத்துவேன். இந்தப் பெண்ணுக்கு வராது என்று சூப்பர்வைசரிடம் சொல்லிவிடலாம் என்றுகூட இருந்தேன். அன்று காலை அப்படிக் கத்த வாயெடுத்தவள் நிறுத்திக்கொண்டேன். அவளும் ஒருவகையில் கம்பியைப் பிடித்துக்கொண்டுதான் நின்றிருந்தாள், குளத்தில் நான் நின்றதைப் போலவே. சொன்னதைச் செய்கிறோம் என்றுதான் நினைத்திருப்பாள்.

எதிரில் நின்று சொல்வதை விட்டுவிட்டு அவள் பக்கத்தில் போய் நின்றேன். என் கையை அவள் கைமேல் வைத்து இறுக்கிக் காட்டினேன். "இதுக்கு உங்க பாஷையில என்ன?" என்று ஜாடையில் கேட்டேன். அவள் ஒரு சொல் சொன்னாள். உள்ளங்கையில் பேனாவால் எழுதிக்கொண்டேன். நான் அதைத் திருப்பிச் சொன்ன விதத்தில் என்ன தப்போ, அவளும் சிரித்தாள். அந்த வாரமே அவளுக்குக் கை வந்துவிட்டது. எத்தனை பெண்களை இப்படி வராது என்று திருப்பி அனுப்பியிருக்கிறேனோ என்று நினைத்தால் இன்றைக்கும் சங்கடமாக இருக்கிறது.

ஒரு மாதப் பயிற்சி முடியும்போது எனக்குப் பலகையில்லாமல் பாதிக் குளம் போக வந்தது. அடுத்தது எட்டடி ஆழம். அந்தப் பக்கம் தண்ணீரின் நிறமே வேறாக இருக்கும். மேடம் எங்களை ஒவ்வொருவராக ஓரத்தில் நிற்கவைத்துக் குதிக்கச் சொன்னாள். அக்கா உடுப்பை இழுத்துவிட்டுக்கொண்டு ஏதோ சாமி பெயரைச் சொல்லிக் குதித்தார், வெளியே வந்தார், முகத்தை வழித்துக்கொண்டு மறுபடி குதிக்கப் போய்விட்டார்.

நான் குதித்தேன். காலுக்குத் தரை கிடைக்கவில்லை. கிடைக்காது என்று தெரியும், ஆனாலும் கால் தேடியது. தேடினதில் கற்றதெல்லாம் மறந்துபோயிற்று. வாய்க்குள் தண்ணீர், மூக்கில் தண்ணீர். யாரோ இடுப்பைச் சுற்றிப் பிடித்து மேலே தள்ளினார்கள். மேடம்தான். ஓரத்தில் உட்காரவைத்து முதுகைத் தட்டிக்கொண்டே இருந்தாள். "பரவால்ல ஆண்ட்டி, எல்லாருக்கும் ஒரு தடவை ஆகும்" என்றாள்.

அதன் பிறகு ஒரு வாரம் போகவில்லை. ஜலதோஷம் என்று எனக்கே சொல்லிக்கொண்டேன். வீட்டில் அவர் கேட்கவில்லை. கொடியில் காய்ந்துகொண்டிருந்த கறுப்பு உடுப்பை மடித்து என் பைக்குள் வைத்திருந்தார், அவ்வளவுதான்.

வெள்ளிக்கிழமை அக்கா போன் செய்தார். பின்னால் மோட்டார் ஓடும் சத்தம்.

"ஏன் வரல?"

"பயமா இருக்குக்கா."

"பயந்தா என்ன? பயத்தோட வா. எனக்கு மட்டும் இல்லையா?"

"உங்களுக்குத்தான் வந்துடுச்சே. மாசமும் முடிஞ்சுது. நீங்க இன்னும் போறீங்களா?"

"அடுத்த மாசத்துக்கும் சேர்ந்துட்டேன்."

"குட்டையில எறங்கிப் பாத்துட்டீங்களா?"

"பாத்தேன். கயிறு கட்டிக்கிட்டு எறங்கினேன், ஏறினேன். அந்த வேலை முடிஞ்சுது." மோட்டாரை யாரோ அணைத்தார்கள். "வீட்டுல கேக்கறாங்க, இன்னும் எதுக்குப் போறேன்னு. என்ன சொல்றது? நல்லா இருக்கு தங்கச்சி. இத்தனை வயசுல ஒண்ணு புதுசா வருது பாரு, அது நல்லா இருக்கு. நீ திங்கக்கிழமை வா."

திங்கட்கிழமை போனேன். எட்டடிப் பக்கம் போகமாட்டேன் என்று மேடத்திடம் முதலிலேயே சொல்லிவிட்டேன். அவள் கட்டாயப்படுத்தவில்லை. ஆழமான பக்கத்தின் ஓரக் கம்பியைப் பிடித்துக்கொண்டு, காலைத் தொங்கவிட்டு, சும்மா இருக்கச் சொன்னாள். இரண்டு வகுப்பு முழுக்க அதைத்தான் செய்தேன். தரை இல்லாத இடத்தில் கால் சும்மா தொங்கப் பழகியது. மூன்றாவது வகுப்பில் கம்பியை விட்டுவிட்டு ஒரு நொடி மிதந்து மறுபடி பிடித்தேன். பிறகு இரண்டு நொடி.

நீளம் முழுவதும் நீந்திக் கடந்த நாள் ஒரு சாதாரணப் புதன்கிழமை. அன்று அக்கா வரவில்லை, தக்காளி பறிப்பு. மேடம் புதிதாகச் சேர்ந்த ஒரு பெண்ணுக்குக் குமிழி விடச் சொல்லிக்கொடுத்துக்கொண்டிருந்தாள். இப்போதெல்லாம் அவள் தமிழில் 'மூச்சை விடு' என்று சொல்லிவிட்டுத்தான் மறுவேலை பார்ப்பாள். நான் சுவரை உதைத்துக் கிளம்பினேன். பாதியில் நிற்பதாகத்தான் எண்ணம். பாதி வந்தது. மூச்சு இருந்தது. தண்ணீரின் நிறம் கீழே மாறியது, தரை இறங்கிப் போனது, நான் பார்த்துக்கொண்டே போனேன். கை எதிலோ இடித்தது. சுவர். எதிர்ச் சுவர்.

யாரும் பார்க்கவில்லை. யாரையும் கூப்பிடவும் தோன்றவில்லை. சுவரைப் பிடித்துக்கொண்டு கொஞ்ச நேரம் இருந்தேன். மகள் பிறந்தபோது, சொந்த வீட்டில் பால் காய்ச்சியபோது சந்தோஷப்பட்டிருக்கிறேன். இது அவற்றைப்போல இல்லை. இதில் வேறு யாருக்கும் பங்கில்லை, வேறு யாருக்கும் பிரயோஜனமும் இல்லை. முழுக்க என்னுடையதாக ஒரு சந்தோஷம் இருக்க முடியும் என்று எனக்கு அன்றைக்குத்தான் தெரிந்தது. பிறகு திரும்பி நீந்தி வந்தேன். மேடத்திடம் சொன்னேன். அவள் விசில் அடித்தாள். வீட்டுக்குப் போகும் வழியில் அக்காவுக்கு போன் போட்டேன். அவர் சந்தையின் நடுவிலிருந்து தெலுங்கில் என்னவோ கத்தினார். சந்தோஷத்தில் கத்துகிறார் என்பது மட்டும் புரிந்தது.

மழைக்காலத்தில் குளத்தைச் சுத்தம் செய்யவென்று இரண்டு மாதம் மூடிவிட்டார்கள். சாயங்காலம் நாலு மணி ஆனால் உடம்பு தானாகக் கிளம்பத் துடித்தது. அப்போதுதான் சனிக்கிழமைகளில் ஒரு சின்ன ஹாலில் கன்னடம் எழுதப் படிக்கச் சொல்லித்தருகிறார்கள் என்று கேள்விப்பட்டேன். கால் நூற்றாண்டுக்கு மேல் இந்த ஊரில் இருக்கிறேன். லைனில் பெரும்பாலும் நம் பக்கத்துப் பெண்கள் என்பதால் கன்னடம் ஒரு வார்த்தைகூடத் தேவைப்படவில்லை. ஒரு வார்த்தை தெரியாததால் பத்து நாள் மூச்சுமுட்டியவள் நான் என்று கணவரிடம் சொல்லி, சேரப்போகிறேன் என்றேன்.

"நானும் வரட்டுமா?" என்றார்.

எனக்குக் காதில் சரியாக விழவில்லையோ என்று தோன்றியது. வீட்டில் தேவைக்கு மேல் பேசாத மனுஷன், மிஷின் ஷாப்பில் வேலை, லீவு நாளில் தூக்கம். வகுப்புக்கு வருகிறேன் என்கிறார்.

பன்னிரண்டு பேர் இருந்தோம். பேங்கில் வேலை செய்கிற பெண், லாரி வைத்திருக்கிற ஒருவர், கல்லூரிப் பையன்கள். சொல்லித்தருகிறவர் ஒவ்வொருவரும் உங்களைப் பற்றிக் கன்னடத்தில் ஏதாவது சொல்லுங்கள், தெரியாவிட்டால் தமிழிலேயே சொல்லுங்கள் என்றார். நான் தமிழில் சொல்லி உட்கார்ந்தேன். அடுத்து என் கணவர் எழுந்தார். தொண்டையைக் கனைத்துக்கொண்டார்.

"மாத்தாடோக்கே பருத்தே சார், ஓதோக்கே பரல்ல" என்று ஆரம்பித்து, நிற்காமல் ஐந்து நிமிஷம் பேசினார். சொல்லித்தருகிறவர் ஏதோ கேட்க, இவர் பதில் சொல்ல, இரண்டு பேரும் சிரிக்க, நான் வாயைப் பிளந்துகொண்டு பார்த்தேன். பேச வரும், படிக்க வராது என்றுதான் சொன்னாராம்.

"உங்களுக்குக் கன்னடம் தெரியுமா?" உட்கார்ந்ததும் கிசுகிசுத்தேன்.

"ஷாப்புல பாதிப் பேர் கன்னடக்காரங்கதான். முப்பது வருஷமாப் பேசறேன்."

"எங்கிட்டச் சொல்லவே இல்லை?"

"நீ கேக்கல" என்றார்.

இப்போது எழுத்துகளில் பாதி முடித்திருக்கிறோம். எனக்கு எல்லாம் ஒரே மாதிரி சுழிக்கிறது. அவர் எனக்கு நாலு பக்கம் முன்னால் போய்விட்டார். அது எனக்குப் பொறுக்கவில்லை. போன சனிக்கிழமை சொல்வதெழுதுதல் வைத்தார்கள். நான் மெதுவாக எட்டி அவர் நோட்டைப் பார்த்தேன். ஐம்பத்தாறு வயது மனுஷன், இடது கையை வளைத்து நோட்டை மறைத்துக்கொண்டு, நிமிர்ந்து பார்க்காமல் எழுதிக்கொண்டே இருக்கிறார். முழங்கையால் ஒரு இடி இடித்தேன். கையை எடுக்கவில்லை. எனக்கு ஆறு தப்பு, அவருக்கு இரண்டு. இந்தச் சனிக்கிழமைக்கு நான் தினமும் கம்பெனி பஸ்ஸில் உட்கார்ந்து எழுதிப் பார்த்துக்கொண்டிருக்கிறேன். அவரிடம் இன்னும் சொல்லவில்லை.